கல் டிப்பரில் ஏற்றிய வத்தகப்பழம்

என் வீட்டுக்காரருக்கு வேலை போனதை அவர் வாயால் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியான லுஹர் பாங்கு சொல்லி முடிவதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிள் முற்றத்தில் வந்து நின்றது. கக்கத்தில் தலையணை. டிப்பர் ஓட்டுகிறவர்கள் முதுகுக்கு வைக்கிற சின்னத் தலையணை அது. இலவம்பஞ்சு அடைத்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். பதினாறு வருடமாக அது டிப்பர் சீட்டில்தான் கிடந்தது. துவைக்கக் கேட்டால்கூட "நாளைக்கித் தாறன்" என்பார், தரமாட்டார். அப்படிப்பட்ட தலையணை வீட்டுக்கு வந்திருந்தது.

"என்ன, முதுகு வலியா?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"முதுகுக்கு லீவு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

நாங்கள் இருப்பது எத்தாளையில். கருங்கல் உடைக்கிற இடம் புத்தளத்துக்கு அப்பால், உள்பக்கம். அங்கே ஏற்றி, வீடு கட்டுகிறவர்களுக்கும் வீதி போடுகிறவர்களுக்கும் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அவர் வேலை. முதலில் டீசலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றார்கள். பிறகு டீசல் வந்தது, கல் வாங்குகிற ஆட்கள் வரவில்லை. கட்டிக்கொண்டிருந்த வீடுகள் கம்பி நீட்டியபடி நின்றுவிட்டன. ஒரு நாளைக்கு மூன்று லோட் அடித்தவர்கள் கல்லுடைக்கிற வாசலில் முறை வரும்வரை கெரம் விளையாடத் தொடங்கினார்கள். மூன்று நாளைக்கு ஒரு லோட் என்று ஆனதும், முதலாளி தன்னுடைய ஐந்து டிப்பரில் நான்கை வளவுக்குள் நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் எத்தனை நாள்தான் தாங்குவார்.

கல்யாணம் முடித்த காலத்திலிருந்து இந்த மனிதரைப் பகலில் வீட்டில் கண்டது வெள்ளிக்கிழமைகளிலும் பெருநாட்களிலும்தான். இப்போது விடிந்தால் அவர், பொழுதடைந்தால் அவர். கதிரையை வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீதியில் லொறி போனால், தலையைத் திருப்பாமலே "வெறும் லொறி" என்பார். அடுத்தது போனால் "மணல், ஈர மணல்" என்பார். சோற்றை ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு யாரோ ஹோர்ன் அடித்துக் கூப்பிடுவதுபோல் எழும்புவார். அலுமாரியைக் கொஞ்சம் தள்ள வேண்டும் என்று உதவிக்குக் கூப்பிட்டேன். அவர் பின்னால் நின்று "வா, வா, வா, இன்னும் வா, சரி" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். தள்ளினது நான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் ஊருக்கே தெரியும். முதல் கிழமை அவரோடு பொருதாத நேரமில்லை. இரண்டாவது கிழமை என்ன நடந்ததோ, மனிதர் மெல்ல மெல்ல அடங்கினார். சோற்றை மென்று சாப்பிட்டார். பிள்ளைகள் இரண்டும் பாடசாலையால் வந்ததும் வீதியில் நடந்த கதைகளைச் சொல்லத் தொடங்கினார். டிப்பருக்கு முன்னால் கழுதைக் கூட்டம் படுத்துக்கொண்டு எழும்ப மறுத்த கதையை அந்தக் கழுதை முகத்தோடேயே சொல்லிக் காட்டினார். நான் அடுப்படியில் நின்று சிரித்துச் சிரித்துக் கறியைக் கருக்கினேன். சம்பளம் நின்ற வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வெட்கம்தான். ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது. அந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது கட்டார் நாட்டு வேலை. கூட ஓடின டிரைவர்மார் இரண்டு பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். இவரும் எனக்குத் தெரியாமல் புத்தளத்தில் ஒரு ஏஜென்டிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு வந்து, பாண் சாப்பிடும்போது மெல்லச் சொன்னார். பெருநாள் முடிய டிக்கட் வருமாம்.

"ரெண்டு வருசம்தான்," என்றார்.

"பதினாறு வருசம் ஒங்கள இருட்டுலதான் பாத்தன். சுபஹுக்கு முந்திப் போவீங்க, இஷாவுக்குப் பிறகு வருவீங்க. இப்பதான் வெளிச்சத்துல முகத்தப் பாக்கன். அதுக்குள்ள பிளேன் ஏறப் போறீங்களா?"

"வெளிச்சத்துல பாத்துக்கிட்டு இருந்தா சோறு வருமா?"

அவர் கேட்டது நியாயம். நியாயமான கதைக்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வரும். அடுத்த நாள் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஹபாயாவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, நேரே முதலாளியின் வளவுக்குப் போனேன்.

நான்கு டிப்பரும் வரிசையாக நின்றன. கடைசியாக நின்ற பழைய டிப்பரின் சில்லைச் சுற்றி ஏதோ ஒரு கொடி ஏறிப் பூவும் வைத்திருந்தது. அதுதான் இவருடையது. வேலை இல்லாத இரண்டு டிரைவர்மார் அதன் நிழலில் படுத்திருந்தார்கள். வேலை இல்லாவிட்டாலும் அவர்கள் படுக்க வருவது அங்கேதான்.

"தங்கச்சி, கல்லு எடுக்க ஆளில்லையே. நான் என்ன செய்ய?" என்றார் முதலாளி.

"கல்லு இல்லாட்டி வேற ஏத்துறம். டீசல் நாங்க அடிக்கிறம். வண்டிய மட்டும் தாங்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "பெருநாள் வரைக்கும் வச்சிக்கோங்க. அதுக்குள்ள ஓட்டம் புடிச்சா வண்டி ஒங்கட கையில நிக்கட்டும். இல்லாட்டி நான் வித்துருவன், கோவிக்கக் கூடாது."

ஆக, பெருநாள்வரைதான் எனக்குத் தவணை. ஓட்டம் பிடித்தால் மனிதர் வீட்டில். பிடிக்காவிட்டால் டிப்பருக்கு ஒரு விலை, மனிதருக்கு ஒரு பிளேன்.

செய்தியைச் சொன்னதும் இவர் சிரித்தார். "கல்லு ஏத்தின வண்டியில வேற சாமான் ஏத்தினா வண்டியே சிரிக்கும்." ஆனால் அன்று பின்னேரமே போய் அந்தக் கொடியைப் பூ உதிராமல் அவிழ்த்து வேலியில் விட்டுவிட்டு, டிப்பரை எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த பிரச்சினை கிளீனர். முன்பு கூட வந்தவர் கண்டக்குழியில் மீன்பிடி வள்ளத்துக்குப் போய்விட்டார். வேறு ஆள் வைக்கக் கட்டாது. "நான் வாறன்," என்றேன். பிள்ளைகள் பாடசாலையில் இருக்கிற நேரம்தானே. இவர் மேலும் கீழும் பார்த்தார். ஊர் என்ன கதைக்கும் என்று இழுத்தார். ஊர் கதைக்காத நாள் எது என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

டிப்பர் முன் சீட்டில் ஒருநாளும் ஏறியிராத பெண்களுக்காகச் சொல்கிறேன், அது வேறு உலகம். எத்தாளையில் பிறந்து வளர்ந்த எனக்கு எத்தாளை அப்படி இருக்கும் என்று தெரியாது. வேலிகளுக்கு மேலால் எல்லாம் தெரிந்தது. வெங்காயப் பாத்திகள், தண்ணீர் தெளிக்கிற குழாய்கள், ஒரு பக்கம் களப்பு, தூரத்தில் கரண்ட் எடுக்கிற காற்றாடிகள், நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைக்கூண்டு. என்னைப் பற்றிக் கதைத்த இரண்டு பெண்களின் கொல்லைப்புறங்கள்கூடத் தெரிந்தன. நான் மேலே இருந்து ஸலாம் சொன்னேன். அவர்கள் அண்ணாந்து பதில் சொன்னார்கள். இவ்வளவு நாளும் இந்த மனிதர் இந்த இன்பத்தைத் தனியாக அனுபவித்திருக்கிறாரே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

சீட்டு மட்டும் கல். எனக்கும் ஒரு தலையணை தைக்கலாம் என்று சீத்தைத் துணி வெட்டி மூன்று பக்கமும் தைத்தேன். பஞ்சு அடைக்கக் கை வரவில்லை. ஓட்டம் பிடிக்கட்டும், அப்புறம் அடைக்கலாம் என்று வெறும் உறையாக அலுமாரிக்குள் வைத்தேன்.

முதலில் கிடைத்தவை மாட்டெரு, மணல், தேங்காய்த் தும்புத்தூள். எல்லாம் கொட்டுகிற சாமான். கிளீனர் வேலையை இவர் எனக்கு ஒரு கிழமை பழக்கினார். பழக்கும்போது அவர் என் புருஷன் இல்லை, வேறு ஆள். அவர் பின்னால் எடுத்து நிறுத்தியதும் நான் குதிக்க வேண்டும். பின்கதவின் கொளுக்கியைச் சுத்தியலால் தட்டி விட வேண்டும். விலகி நின்று "சரி" என்று கத்த வேண்டும். அவர் உள்ளே கம்பியை இழுப்பார், பெட்டி மேலே எழும்பும், சாமான் கொட்டும். "யோசிக்கக் கூடாது. யோசிச்சா கை சிக்கும்," என்பார். பத்தாவது லோட்டில் நான் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

நோன்பு தொடங்கியதும் ஓட்டம் குறைந்தது. எருப் போடுகிற காலம் முடிந்திருந்தது. டிப்பர் எங்கள் வேலியோரம் நான்கு நாள் நின்றது, ஆறு நாள் நின்றது. ஏஜென்ட் இரண்டு தரம் போன் எடுத்தார். இவர் என் முன்னால் கதைக்காமல் முற்றத்துக்குப் போய்க் கதைத்தார். நான் கஞ்சி காய்ச்சும்போது உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் போட்டேன்.

அப்போதுதான் எங்கள் ஊர் ஹாஜியார் வந்தார். ஏக்கர் கணக்கில் தோட்டம் உள்ளவர். கையை இறுக்கிப் பிடிக்கிற ஆள். நோன்புக்கு வத்தகப்பழம் எல்லா இடமும் கேட்கிறார்கள். அவருடைய பழம் வெட்டிக் குவித்துக் கிடக்கிறது. வழக்கமாக வருகிற லொறி நடுவழியில் உடைந்து நின்றுவிட்டது. நுரைச்சோலை மொத்த வியாபாரியின் கிட்டங்கிக்கு அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

"கல்லுக்காரனுக்குப் பழத்தக் குடுக்கப் பயமாத்தான் இரிக்கி," என்று முகத்துக்கு நேரேயே சொன்னார். "ஒழுங்காக் கொண்டு போனா, இந்தப் போகம் முழுக்க ஒங்களுக்குத்தான். பழம், பூசணி, வெங்காயம் எல்லாம்."

என் மனம் துள்ளியது. இது ஒன்று சரிவந்தால் கட்டார் இல்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன்.

இவர் பெட்டிக்குள் வைக்கோலை முழங்கால் அளவுக்குப் பரப்பினார். பழங்களை ஒவ்வொன்றாக வாங்கி, பிறந்த பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தினார். வீதியில் அவர் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்து ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. ஒவ்வொரு மேட்டுக்கும் பிஸ்மி சொன்னார். பதினாறு வருடம் கல்லைத் தூக்கி அடித்த மனிதர், ஒரு பழத்தில் கீறல் விழாமல் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார். ஹாஜியார் தன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து, இறங்கி, தலையை ஆட்டினார். நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இவர் டிப்பரைத் திருப்பி அழகாகப் பின்னால் எடுத்தார். நிறுத்தினார்.

நான் குதித்தேன். கொளுக்கியைத் தட்டினேன். விலகி நின்று "சரி" என்று கத்தினேன்.

அவர் கம்பியை இழுத்தார்.

பெட்டி எழும்பும்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கும் அதே நேரத்தில்தான் விளங்கியதாம். பெட்டி இறங்குவதற்கு நேரம் எடுக்கும், பழம் இறங்க எடுக்காது. வைக்கோலோடு சேர்ந்து மொத்தமாக வழுக்கி வந்து விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கிட்டங்கி முற்றம் முழுக்கச் சிவப்பு.

பின்னேரம் நான்கு மணி. கிட்டங்கியில் வேலை செய்கிற அத்தனை பேரும் நோன்பு. வெயிலில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக் கிடக்கிற நேரத்தில் கணுக்கால்வரை பழச்சாறு, மூக்கு நிறைய அந்த வாசம். ஒருவரும் விரலை நக்கக்கூட முடியாது. அந்த நேரம் பார்த்து மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் ஒரு மீன்காரர் வந்து நின்றார். முற்றத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எனக்கு நோன்பில்லத்தானே," என்றார் மிக மரியாதையாக.

யாரோ கையைக் காட்டினார்கள். அவர் ஒரு வெடித்த பழத்தை எடுத்து, எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால், சாறு முழங்கையால் வடிய வடியச் சாப்பிட்டார். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று பார்த்தோம். "இனிப்பா?" என்று ஒருவர் கேட்டார். "சீனிதான்," என்றார் அவர். டிப்பருக்குள் இருந்து ஒரு சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் கம்பியில் வைத்த கையை எடுக்காமலே சிரித்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்புத்தான். அதைப் பார்த்துக் கிட்டங்கி ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிவப்புக்குள் எனக்குப் பிளேன் டிக்கட்தான் தெரிந்தது.

ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. "கல்லுக்காரன்," என்றார். "கல்லுக்காரன்தான்."

"அவர ஏசாதீங்க ஹாஜியார்," என்றேன். "கொளுக்கியத் தட்டினது நான். ஏசிறதெண்டா என்ன ஏசுங்க. ஆனா பிறகு ஏசுங்க. வெடிச்ச பழத்துக்கு நாளைக்கி இல்ல. மஃரிபுக்கு இன்னும் நேரம் இரிக்கி. இங்கயிருந்து நம்மட ஊர் மட்டும் எத்தன பள்ளி? நோன்பு திறக்க வாற ஆக்களுக்கு இதக் குடுத்தா என்ன?"

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு பழங்களைப் பார்த்தார். முழுசாகத் தப்பியவற்றை வியாபாரி எடுத்துக்கொண்டார். மற்றவற்றை மீன்காரர் உட்பட எல்லோரும் சேர்ந்து திரும்ப ஏற்றினோம். ஹாஜியார் பள்ளிக்கு வழி காட்டுவதுபோல் மோட்டார் சைக்கிளில் முன்னால் போனார்.

முதல் பள்ளியில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார். பள்ளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து, அவர் கையைப் பிடித்து, அவருக்கு நன்மை கேட்டு துஆச் செய்தார்கள். இரண்டாவது பள்ளியில் அவர் தானாகவே இறங்கினார். மூன்றாவதில் "பெரிய பழமாப் பாத்துக் குடு மகள், என்ன கஞ்சத்தனம்" என்று என்னை அதட்டினார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கல்யாண வீட்டு மாப்பிள்ளையின் வாப்பாவைப்போல் கையை வீசிக்கொண்டு, வீதியில் போன ஆட்டோக்களைக்கூட மறித்துக் கொடுத்தார். எத்தாளையோடு நிற்பார் என்று பார்த்தால், "கண்டக்குழிக்கும் விடு" என்றார்.

கண்டக்குழிப் பள்ளி வாசலில் நிற்கும்போது போன் அடித்தது. ஏஜென்ட். இந்த முறை ஒதுங்கிப் போக இடமில்லை. இவர் என் முன்னாலேயே எடுத்தார். டிக்கட் சரியாகிவிட்டதாம், பெருநாள் முடிந்து மூன்றாம் நாள்.

இவருடைய தாடியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. சாரன் முழுக்கச் சாறு. வெறுமையாகிக்கொண்டிருந்த பெட்டியை ஒருமுறை பார்த்தார்.

"இல்ல தம்பி, என்னால வர ஏலாது," என்றார். "எனக்கு இங்க லோட் இரிக்கி."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்க லோட்?" என்று கேட்டேன்.

"நாளைக்கி வரும்."

"ஆரு தருவாங்க?"

"கதைக்காம கொஞ்சம் இரு, பாங்கு சொல்லப் போறாங்க."

பாங்கு சொன்னது. டிப்பர் சில்லில் சாய்ந்துகொண்டு, ஆளுக்கொரு துண்டு கையில் வைத்து நோன்பு திறந்தோம். அந்த மீன்காரர் சொன்னது சரி, சீனிதான். தொழுதுவிட்டு வந்த ஹாஜியார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு எங்கள் பக்கம் வந்தார். ஏசுவதற்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"நாளைக்கி எத்தன மணிக்கி வருவீங்க?" என்றார். "கயிறு நான் கொண்டு வாறன். அந்தக் கம்பிய நானே கட்டுவன். ஒங்கள நம்ப ஏலா."

சொன்னபடியே கட்டினார். இன்றைக்கும் பழம் ஏற்றுகிற நாட்களில் அந்தக் கம்பி கட்டித்தான் இருக்கும். கல்லுடைக்கிற இடத்திலிருந்து கிழமைக்கு ஒருநாள் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கயிற்றை அவிழ்ப்போம். முதலாளி மூன்று டிப்பரை விற்றுவிட்டார், இதை விற்கவில்லை. கட்டாருக்குப் போன இரண்டு டிரைவர்மாரும் போனில் இவரிடம் வத்தகப்பழம் என்ன விலை என்று கேட்டுச் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார்.

ஆனால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பழம் கொட்டியதற்கு அடுத்த நாள் காலைதான். விடியுமுன் ஸஹர் சாப்பிட்ட கையோடு நான் அலுமாரியைத் திறந்து அந்த உறையை எடுத்தேன். பஞ்சை அடைத்து, நாலாவது பக்கத்தைத் தைத்து முடித்தேன். சுபஹ் தொழுதுவிட்டு இவர் தன் தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டிப்பருக்குப் போனார். நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் அதைப் பார்த்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாகச் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

நன்றாக விடிந்திருந்தது. அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.